அடுத்த லாரியில் வரும் என்று சொன்ன கோழி



சென்ற ஆண்டு என் இளைய மகளுடைய பிறந்தநாளுக்கு அன்பர் ஒருவர் கதைப்புத்தகம் ஒன்றை வரவழைத்துப் பரிசளித்தார். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். கதையின் நாயகி என் மகளே. அவளுடைய பெயர் அட்டையிலும், உள்ளே ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் அச்சாகியிருந்தது. முடி எப்படி, சடை ஒன்றா இரண்டா, மூக்குக்கண்ணாடி உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்து அதற்கேற்பப் படத்தை அமைத்துத் தருகிறார்களாம். அந்தச் சிறுமி மேகத்தின்மேல் ஏறிப் போகிறாள்; வழி தவறிய கரடிக்குட்டி ஒன்றைக் காப்பாற்றி அதன் தாயிடம் சேர்க்கிறாள்; இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடுகிறாள். ஒரு மாதம்வரை அந்தப் புத்தகம் அவளுடைய தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் மாலை வீடு சந்திப்புக்கு அவளையும் உடன் அழைத்துச் சென்றேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவள் அந்த வீட்டுப் பையனுடைய அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அதே புத்தகம் இருந்தது. அதே மேகம், அதே கரடிக்குட்டி. பெயர் மட்டும் அந்தப் பையனுடையது. ஒன்றும் பேசாமல் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஜெபித்து விடைபெற்று ஸ்கூட்டரில் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: “அப்பா, அந்தக் கரடிக்குட்டியை நான்தானே காப்பாத்தினேன்?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சாலையில் கவனமாயிருப்பவனைப்போல ஹாரனை அடித்தேன்.

பரிசளித்தவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. வாசிக்க மனமில்லாத ஒரு பிள்ளை தன் பெயரைக் கண்டு ஆவலாய் வாசிக்கத் தொடங்குமானால் அதுவும் நன்மையே. ஆயினும் என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் கொடுக்கிற எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். பாத்திரம் இன்னாருடையது என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஒரு கதை ஒருவருக்குச் சொந்தமாவதற்கு அது போதாது. உங்கள் பிள்ளைக்கென்றே ஒரு கதைப்புத்தகம் வேண்டுமானால், அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து உங்கள் வீட்டிலேயே செய்யுங்கள். அதற்குப் பணம் வேண்டாம்; படம் வரையத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்த மே மாத விடுமுறையில் நான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லவே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடையைத் தீர்த்துவிட வேண்டும். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கிற மூத்தவர் ஒருவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “ஐயா, பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய கதையைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம். ஏற்கெனவே செல்போனில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற தலைமுறை இது. தன்னைப்பற்றியே ஒரு புத்தகமும் அதற்கு வேண்டுமா?” என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. மேகத்தின்மேல் ஏறி எல்லாவற்றையும் தானே வெல்லுகிற நாயகியாகத் தன்னைக் கண்டு வளருகிற பிள்ளையைப்பற்றி நானும் அஞ்சுகிறேன். ஆனால் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிற பிள்ளை வேறு.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிற மனிதன் சந்நிதியில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. அவன் கோட்பாடு எதையும் ஒப்புவிக்கவில்லை. தன் குடும்பக் கதையைச் சொல்லுகிறான். நிலையான இடமின்றித் திரிந்த முற்பிதா, எகிப்துக்குப் போன சிறு கூட்டம், அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை, கடைசியாகக் கையில் இருக்கிற இந்தக் கூடை. கர்த்தருடைய கதை அவனுக்கு வீட்டுக் கதையின் வழியாகவே வந்து சேருகிறது. யோசுவா 4-இல் யோர்தானிலிருந்து எடுத்து கில்காலில் நாட்டப்பட்ட 12 கற்களும், யாத்திராகமம் 12-இல் பஸ்காவும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலிருக்கிற பெரியவர்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறிப்பிடுகிற பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார்.

இன்னொன்றையும் நாம் அதிகம் கவனிப்பதில்லை. லூக்கா தம் சுவிசேஷத்தைத் தெயோப்பிலு என்ற ஒருவருக்கு எழுதினார். அப்போஸ்தலருடைய நடபடிகளும் அதே ஒருவருக்குத்தான். ஒருவரை முன்னிட்டு எழுதியது இத்தனை கோடிப் பேருக்கு வந்து சேர்ந்தது.

புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் செய்ததும் இங்கே சொல்லத் தக்கது. 1846-க்கும் 1849-க்கும் இடையில் அவர் தம் சொந்தப் பிள்ளைகளுக்காக இயேசுவின் வாழ்க்கையை எளிய நடையில் கைப்பட எழுதினார். அவர் எதை எழுதினாலும் அச்சிட்டு விற்கப் பதிப்பாளர்கள் காத்திருந்த காலம் அது. ஆனால் இதை அச்சிட அவர் சம்மதிக்கவில்லை. அது வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கென்றே வீட்டில் இருந்தது. 1870-இல் அவர் மறைந்தார். அவருடைய பிள்ளைகளில் கடைசியாக உயிரோடிருந்த மகனும் 1933-இல் காலமான பின்னரே, 1934-இல் அது வெளியுலகுக்கு வந்தது. ஊரெல்லாம் வாசித்த எழுத்தாளர் ஒருவர், தம் பிள்ளைகள் மட்டும் வாசிக்க ஒரு புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். இரவெல்லாம் பிரசங்கம் ஆயத்தம்பண்ணிவிட்டு வீட்டாரோடு பேச வார்த்தை மீதியில்லாதிருக்கிற என் போன்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

செய்முறை எளிது. ஏ4 தாள் நான்கை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். மேலட்டைக்குப் பழைய மாதக் காலண்டரின் கெட்டித் தாளை எடுத்துக்கொண்டோம். மடிப்பின்மேல் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று துளைகள். நூல் கோத்த ஊசியை உட்புறமிருந்து நடுத்துளை வழியாக வெளியே விட்டு, மேல் துளை வழியாக உள்ளே வாங்கி, உட்புறமாகவே கீழ்த் துளைக்குக் கொண்டுபோய் வெளியே விட்டு, மறுபடியும் நடுத்துளை வழியாக உள்ளே வாங்கி முடிச்சுப் போட்டால் புத்தகம் ஆயிற்று. இதை என் மனைவி செய்தார். நான் செய்த முதல் புத்தகத்தில் பக்கங்கள் கீழே விழுந்தன.

ஆனால் தையலில் நேர்ந்த பிழை சிறியது. முதல் நாள் மாலை நான் கதையையும் ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தேன். தாவீது ஆடு மேய்க்கையில் என் மகளும் உடன் மேய்ப்பதாகவும், கடைசியில் ஒரு வசனம் வருவதாகவும் மனதில் திட்டமிட்டிருந்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இரண்டு ஆடுகளை வரைந்தாள். மூன்றாவது ஆட்டுக்குக் கால் வரையுமுன், விளையாடப் போகலாமா என்று கேட்டாள். குற்றம் தாவீதுடையதல்ல.

இரண்டாம் நாள் நான் ஒன்றும் கொண்டுவரவில்லை. “எதைப்பற்றி எழுதலாம்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், “லாரி வந்த நாள்” என்றாள்.

உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போதகர் குடும்பத்துக்குச் சொந்த வீடு என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. குருமனை சேகரத்துக்குச் சொந்தம். கட்டிலும் மேசையும்கூடச் சில இடங்களில் சேகரத்தினுடையவையே. இடமாற்ற உத்தரவு வந்தால் மே மாதத்தில் ஒரு லாரி வந்து வாசலில் நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இங்கே வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அந்த நாளைப்பற்றி அவள் எங்களிடம் ஒருபோதும் பேசியதில்லை. பிள்ளை சீக்கிரம் பழகிவிட்டாள் என்று நாங்களும் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருந்தோம்.

அவள் சொன்னாள், நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பக்கத்துக்கு ஒரு வாக்கியம். படம் முதலில், எழுத்து பிறகு. இந்த வரிசை முக்கியமானது என்பது என் அனுபவம். படம் வரைந்துகொண்டிருக்கிற கையோடு பிள்ளையின் நாவும் அவிழ்ந்துவிடுகிறது. எழுது என்று தொடங்கினால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

முதல் பக்கத்தில் பழைய குருமனையின் கொய்யா மரம். அடுத்ததில் முற்றம் பெருக்குகிற அம்மா. அங்கேதான் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் “வாரியல்” என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டுத் “துடைப்பம்” என்று திருத்தினேன். அதற்கடுத்த பக்கத்தில் ஒரு செவலைக் கோழி; “கோளி” என்று எழுதியிருந்தாள். நம் பக்கத்து நாவில் அந்த ழகரம் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் திருத்தினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “என்னங்க, அது உங்க பிரசங்கக் குறிப்பு இல்லை.”

அன்றைக்கு ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. அவள் கேட்டால் மட்டும் எழுத்தைச் சொல்லித்தருவேன். சொல்லை மாற்ற மாட்டேன். ஆகவே அந்தப் புத்தகம் முழுவதும் அது கோளிதான். ஆசிரியர்களாயிருக்கிற சபையார் என்னைக் கடிந்துகொள்ளலாம். எழுத்தைத் திருத்தப் பள்ளிக்கூடமும் நோட்டும் சிவப்பு மையும் இருக்கின்றன. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, வீட்டில் பேசுகிற வாரியலையும் அங்கணத்தையும் எழுதிப் பார்க்க வேறு இடம் இல்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், நம் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். நான் என் மகளோடு தரையில் உட்கார மூன்று நாள் ஆயிற்று.

லாரி வந்தது. நீல நிறம். பத்துச் சக்கரங்கள் வரைந்தாள். அவ்வளவு இருந்ததாக எனக்கு நினைவில்லை, ஆனால் உடன்படிக்கையை நினைத்து வாயைத் திறக்கவில்லை. அடுத்த பக்கத்தில் சாமான்கள் ஏறின. பீரோ, சைக்கிள், தண்ணீர்க் குடங்கள், அவற்றின்மேல் நிறையப் பெட்டிகள். அவள் சொன்ன வாக்கியத்தை நான் எழுதினேன்: “அப்பா புஸ்தகத்துக்கு இடம் இருந்தது.” எதிர்ப்பக்கத்தில் கோழி. அதற்கு அவள் சொன்னது: “கோளிக்கு இடம் இல்லை.”

எட்டாம் பக்கத்துக்கு அவள் சொன்ன வாக்கியம் இது: “கோளி அடுத்த லாரியில் வரும்னு அப்பா சொன்னாங்க.”

ஒன்பதாம் பக்கத்தில் இந்த வீட்டின் வெளிக்கதவை வரைந்தாள். அதன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. இதற்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். “ஒண்ணும் எழுத வேண்டாம். நான் பாத்துக்கிட்டு நிக்கேன்” என்றாள்.

அன்பானவர்களே, அப்படி ஒன்று சொன்னதையே நான் மறந்துவிட்டிருந்தேன். அடுத்த லாரி என்று எதுவும் இல்லை. ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார், வழியனுப்ப வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஒரு பிள்ளை கோழியைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கோழியை வாங்கி ஆலயப் பணியாளர் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். இங்கே வந்த புதிதில் சாலையில் லாரிச் சத்தம் கேட்டாலே அவள் வாசலுக்கு ஓடுவாள். பிள்ளைக்கு லாரி என்றால் ஆசை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அவளுக்கு ஒரு பொம்மை லாரி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிரவு எனக்குள் வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். இது கதைப்புத்தகந்தானே, கோழி அங்கே கொய்யா மரத்தடியில் சுகமாயிருக்கிறது என்று பத்தாம் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். அவள் ஒருவேளை ஏற்றுக்கொள்வாள். படமும் அழகாயிருக்கும். கதை என்றால் கற்பனைக்கு இடமுண்டு என்று ஒரு நியாயமும் கைவசம் இருந்தது.

ஆதியாகமம் எழுதப்பட்டிருக்கிற விதம் அந்த நேரத்தில் எனக்கு உதவியது. ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொன்னது 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையே திரும்பச் செய்தது 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவன் மகன் ஈசாக்கு கேராரில் அதே பொய்யைத் தன் மனைவியைக்குறித்துச் சொன்னது 26-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் அழைக்கிறவருடைய வீட்டுப் புத்தகத்திலிருந்து இந்தப் பக்கங்களை யாரும் கிழித்துவிடவில்லை. ஈசாக்கு அந்தப் பொய்யை எங்கே கற்றான் என்று வேதம் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் பழைய கதையை உள்ளபடி சொல்லியிருக்கமாட்டார்களோ என்று நான் நினைத்ததுண்டு. இது என் ஊகமே. இதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லமாட்டேன்.

மறுநாள் பழைய சேகரத்தின் ஆலயப் பணியாளருக்குத் தொலைபேசினேன். சுகசெய்திகள் எல்லாம் பேசி முடித்தபின் கோழியைப்பற்றிக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “அதுவா ஐயா… போன வருஷம் மழைக்காலத்துல கீரி பிடிச்சிட்டு ஐயா” என்றார். பாப்பா கேட்டதா என்றும் விசாரித்தார்.

மாலையில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அடுத்த லாரி என்று ஒன்று இருந்ததே இல்லை. நீ அழுகையை நிறுத்துவதற்காக அப்பா சொன்ன பொய் அது. கோழி இப்போது உயிரோடு இல்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: “அப்பவே உங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று அவள் படம் வரைய வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் என் மனைவி என்னிடம் அதிகம் பேசவில்லை, அது வேறு. நான் தகப்பனாக இருந்து அறிந்த நாட்களில் மிகவும் நீளமான நாட்கள் அவை. செய்யாமலேயே இருந்திருக்கலாம், கரடிக்குட்டிப் புத்தகமே போதுமாயிருந்தது என்றுகூட நினைத்தேன். நான் மேலே விலை என்று சொன்னது இதைத்தான். கடையில் வாங்குகிற புத்தகத்தில் தகப்பன் எந்தப் பக்கத்திலும் பிடிபடமாட்டான்.

மூன்றாம் நாள் அவளே பென்சில் பெட்டியோடு வந்தாள். “குஞ்சு பொரிச்சுதா?” என்று கேட்டாள். நல்லவேளையாக அதையும் அவரிடம் விசாரித்து வைத்திருந்தேன். இரண்டு தடவை பொரித்ததாம். முதல் தடவை ஏழு குஞ்சுகள். பத்தாம் பக்கத்திலும் பதினொன்றாம் பக்கத்திலும் ஏழு குஞ்சுகளை வரைந்தாள். ஒன்றிரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தாள். கீரியை வரைய அவள் விரும்பவில்லை. கோழி செத்துப்போனது என்று மட்டும் ஒரு பக்கத்தில் தானே எழுதினாள். எட்டாம் பக்கத்து வாக்கியத்தை மாற்றிவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டபோது, ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள். “நீங்க சொன்னீங்கல்லா?” என்றாள். அது அப்படியே இருக்கிறது.

இதைக் கேள்விப்பட்ட ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் வாரத்தில் அந்தப் புத்தகத்தை ஆலய வளாகத்தில் காட்சிக்கு வைக்கலாமே என்றார். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துச் சபைக் குழுவில் போடச் சொன்னவர்களும் உண்டு. அவளிடம் கேட்டேன், கூடாது என்றாள். அவள் சொன்னதே சரி என்பது என் எண்ணம். வின்னி த பூ என்ற கரடிப் பொம்மையின் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்னே, தம் மகன் கிறிஸ்டோபர் ராபினை அவனுடைய சொந்தப் பெயரோடு அந்தப் புத்தகங்களில் வைத்தார். 1920-களில் அவை உலகப் புகழ் பெற்றன. அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் உடன்மாணவர்கள் பரிகசித்தார்கள். வளர்ந்தபின் அவர் எழுதிய சொந்த வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கசப்பு பதிந்திருக்கிறது. அன்பினால் எழுதப்பட்ட கதைதான் அதுவும். பிள்ளையோடு செய்த புத்தகம் பிள்ளைக்குச் சொந்தம். அதை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைத்து நாலு பேரிடம் பாராட்டு வாங்குவதற்குமுன் உரிமையாளரிடம் கேளுங்கள். இந்தக் கட்டுரைக்கும் அனுமதி கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, கதையை எழுதலாம், படம் போடக்கூடாது என்றாள்.

செல்போனில் நாலு வார்த்தை சொன்னால் ஒரே நிமிடத்தில் படத்தோடு கதைப்புத்தகம் வந்துவிடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று இளம் பெற்றோர் சிலர் கேட்டார்கள். அவர்கள் எனக்குச் செய்தும் காட்டினார்கள், படங்கள் அழகானவை. எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று. லாரியை வரைந்துகொண்டிருந்தபோது அவள் என்னிடம் சொன்ன எத்தனையோ காரியங்கள் புத்தகத்திலேயே இல்லை: பழைய பள்ளிக்கூடத்துத் தோழி, அங்கே விட்டுவிட்டு வந்த ஊஞ்சல் கயிறு, இந்த வீட்டின் பின்னறையில் இரவில் கேட்கிற சத்தம். ஒரே நிமிடத்தில் அவள் அவற்றைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது குடும்ப ஜெபத்துக்குப்பின் அரைமணி நேரம். வளைகுடா நாடுகளிலும் கப்பலிலும் வேலைபார்க்கிற தகப்பன்மார் நம் சபையில் உண்டு. அவர்கள் அங்கேயிருந்து ஒரு பக்கத்தை எழுதி அனுப்பலாம். விடுமுறைக்கு வரும்போது தைத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருக்கிற ஒரே பிள்ளைக்கென்று எழுதுவது புதிய வழக்கமும் அல்ல. பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி 1893 செப்டம்பரில், நோயுற்றிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதினார். பீட்டர் என்ற முயலின் கதையாக 1902-இல் உலகம் வாசித்தது அந்தக் கடிதத்திலிருந்து வந்ததுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதட்டும். தாளுக்குக்கூடச் செலவு வேண்டாம். ஒருபக்கம் அச்சான பழைய அறிவிப்புத் தாள்கள் ஆலய அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் புத்தகத்தில் கடைசி இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கதை முடிந்துவிட்டதே, இவற்றில் என்ன வரையப்போகிறாய் என்று கேட்டேன். “அது அடுத்த லாரிக்கு” என்றாள். பிறகு, அது எப்போது வரும் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். ஒரு வருடத்திலும் வரலாம், மூன்று வருடத்திலும் வரலாம். உத்தரவு வந்ததும், சபையாருக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்லுகிறேன் என்றேன். பென்சிலை என்னிடம் நீட்டி, “அதை இதுல எழுதுங்க” என்றாள். எழுதினேன். தேதி போடச் சொன்னாள், போட்டேன். கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.